சத்தம் மாறாத மோட்டார்

நாற்பதா அறுபதா என்பதில்லை கேள்வி. எங்கள் மோட்டாருக்கு நாற்பது ஆம்பியரே தாராளம், அது எனக்குத் தெரியும், கடைக்காரர் ஹனீபா பாய்க்கும் தெரியும், தெரிந்தும் அவர் இரண்டையும் உறையிலிருந்து உருவிக் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். ஒன்று நீலம், தீப்பெட்டி அளவு. இன்னொன்று கறுப்பு, கொஞ்சம் பெரிசு, முதுகில் அலுமினியத் தகடு. "நிதானமாப் பாருங்க தாமோதரன் சார். ஆனா பன்னெண்டேகாலுக்கு நான் ஜும்மாவுக்குக் கிளம்பணும், சாத்துனா மூணு மணிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு ட்ரோனின் வயிற்றைத் திறந்து குடைய ஆரம்பித்துவிட்டார். மணி பதினொன்று இருபது. ஐம்பத்தைந்து நிமிஷத்தில் மனிதன் கல்யாணம் முடித்துப் பந்தியிலும் உட்கார்ந்துவிடலாம். ஒரு ஸ்பீடு கண்ட்ரோலர் வாங்க முடியாதா. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு வேகம் என்று தீர்மானிக்கிற சாமான், அவ்வளவுதானே. ரேடியோவில் மாடல் பிளேன் ஓட்டுகிறவனுக்கு இது தலைவலியே இல்லை, கையில் இருக்கிற குச்சியைத் தள்ளினால் வேகம் கூடும், இழுத்தால் குறையும். நாங்கள் ஓட்டுவது கம்பி பிளேன். நடுவில் ஆள் நிற்பான், கையில் ஒரு பிடி, பிடியிலிருந்து அறுபதடிக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பி, அதன் மறுமுனையில் பிளேன், அது அவனைச் சுற்றிச் சுற்றி வரும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். வேகத்தில் கை வைக்க முடியாது. தரையில் இருக்கும்போது என்ன சொல்லி வைத்தோமோ அதுதான் கடைசிவரை. ஆகவே எல்லாவற்றையும் இங்கே, இந்த மேசையிலேயே தீர்மானித்துவிட வேண்டும். நடுவில் மனசு மாற இடம் கிடையாது.

நீலத்தில் கவர்னர் இல்லை, கறுப்பில் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தவனுக்குக் கவர்னரை யாரும் விளக்க வேண்டாம். ஆயில் இன்ஜினில் இருக்குமே, அதே வேலைதான். சுமை ஏறினாலும் இறங்கினாலும் சுற்று மாறாமல் பார்த்துக்கொள்ளும். பிளேன் செங்குத்தாக ஏறும்போது மோட்டார் திணறும், கவர்னர் இருந்தால் திணற விடாது, கூடக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துத் தூக்கிவிடும். தலைகுப்புற இறங்கும்போது தறிகெட்டு ஓடவும் விடாது. பேட்டரி தீரத் தீர வேகம் குறைவதும் இல்லை, முதல் சுற்று எப்படியோ கடைசிச் சுற்றும் அப்படி. போட்டிக்குப் போகிறவன் எவனும் இன்றைக்குக் கவர்னர் இல்லாமல் போகமாட்டான். மச்சானுக்கும் அது தெரியும். மச்சான் என்றால் என் மனைவி அம்சவேணியின் அண்ணன், நாச்சிமுத்து, அறுபத்துநாலு வயது, மோட்டார் காயில் கட்டுவதில் சிங்காநல்லூர்ப் பக்கம் பெயர் சொன்னால் தெரியும். முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் கல்லூரி மைதானத்தில்தான் இருந்திருக்கிறோம். அந்த மனுஷன் முந்தாநாள் சொன்னார்: "ரெண்டுல எது தேவலைன்னு நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துருங்க மாப்ள. நான் எதுக்கு." நான் எதுக்கு. ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்கி, கடைக்காரனை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிற ஆள், நான் எதுக்கு என்கிறார். அன்றைக்கே அங்கேயே கேட்டிருக்க வேண்டும், ஏனுங்க மச்சான் இப்படிப் பேசறீங்க என்று. கேட்கவில்லை. காபி ஆறிவிடும் என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். எனக்கு இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் காபி ஆறிவிடும்.

"யாருக்கு சார், உங்களுக்கா?" ஹனீபா பாய் தலையைத் தூக்காமல் கேட்கிறார். "எனக்குத்தான்" என்றேன். ஏன் பொய் சொன்னேன். மச்சானுக்கு என்று சொன்னால், நாச்சிமுத்து சார் வரலையா, ஏன் வரலை, கண்ணு எப்படி இருக்குது என்று ஆரம்பிப்பார், நல்ல மனுஷன், நல்ல மனுஷர்கள் கேட்கிற கேள்விதான் தாங்க முடிவதில்லை. "உங்களுக்குன்னா யோசிக்கவே வேண்டாம், கறுப்பை எடுத்துக்குங்க. கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்கிறார். வாங்கலாம். ஓட்டலாமா பாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நீலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன், எடையே இல்லை. இது மக்கு. கொடுத்த மின்சாரத்துக்கு ஓடும், சுமை வந்தால் திணறும், சுமை போனால் ஓடும். திணறும்போது சத்தம் தாழும், ஓடும்போது சத்தம் உயரும். ஏறுகிறதா, இறங்குகிறதா, காற்றை எதிர்க்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அதுவும் மச்சான் காது. ஓடுகிற மோட்டாரின்மேல் திருப்புளியை வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் எந்த பேரிங், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்கிற காது. கறுப்பை வாங்கினால் அந்தக் காதுக்கு வேலை இல்லை. ஏறினாலும் இறங்கினாலும் தரையில் மோதப்போனாலும் ஒரே சத்தம், ம்ம் என்று, மாவு மில் மாதிரி. ஆகவே நீலத்தை வாங்கிக்கொண்டு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மச்சான், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். அதை டப்பாவில் போட்டு, பையில் போட்டு, கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பது. கறுப்பை வாங்கினால், உங்களுக்கு இன்னும் தெரிகிறது என்று நம்புகிறேன். அதையும் டப்பாவில் போட்டு. இதற்குப் போய் ஆம்பியர் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், முட்டாள்.

எவ்வளவு தெரிகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, அதுதான் சனியன். நாலு வருஷத்துக்கு முன்னால் பிளேன் நீலமும் வெள்ளையுமாக இருந்தது. அப்புறம் சிவப்பு அடித்தார். போன மாசம் மஞ்சள், பள்ளிக்கூட வேன் மஞ்சள். "அழகா இருக்குதுங்களா மாப்ள?" என்றார். அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது, நாச்சிமுத்து கையில் அடித்த பெயிண்ட் வழிந்து நான் பார்த்ததே இல்லை, நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன், அவர் பார்க்காதபோது. அவர் பார்க்காதபோது என்று நினைத்துக்கொண்டு. கண் நீர் அழுத்தம் என்றார் டாக்டர். கிளாக்கோமா. ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வருமாம், நடுவில் கடைசிவரை ஒரு துவாரம் இருக்குமாம். "பைப்புக்குள்ள பாக்கறாப்பல இருக்குது மாப்ள. அதனாலென்ன, பைப்புக்குள்ள பிளேன் இருக்குதில்ல, அது போதுமுங்க" என்று அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்தார். அந்தப் பைப்பு இப்போது எத்தனை அங்குலம்? அரை அங்குலமா, காலா? இதைக் கேட்க முடியுமா ஒரு மனுஷனிடம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டோம், போனது வராது, இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். கூட்டிட்டு வந்திருந்தா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அல்லது எனக்கு அப்படிப் பட்டது. சுற்று நடுவில் நின்றவனுக்குத்தான் இது புரியும். பிளேன் கிளம்பி இரண்டாம் சுற்று வரும்போது உலகம் மொத்தமும் கரைந்துவிடும், மரம், காம்பவுண்டு, பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்கள், எல்லாம் ஒரே தீற்றல். பிளேன் மட்டும் எதிரில், நின்ற இடத்திலேயே நிற்கும். அதை மட்டும் பார்க்க வேண்டும், ஓரத்தைப் பார்த்தால் விழுந்துவிடுவாய் என்றுதான் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஆகவே ஓரம் இல்லாதவனுக்கு நடுவில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது. முடிந்து வெளியே வரும்போதுதான் மச்சான் டூல்பாக்ஸில் இடித்துக்கொள்வார். கம்பியை மிதிப்பார், கம்பியை மிதிப்பது எங்களுக்குள் பெரிய பாவம், மற்றவனாக இருந்தால் அன்றைக்கு மைதானமே அவனை உரித்திருக்கும். "தலை சுத்துதுங்க மாப்ள" என்பார். எல்லோரும் சிரிப்போம். எங்கள் எல்லோருக்கும் சுற்றுவதுதானே, நாலு சுற்றுச் சுற்றினால் குழந்தைக்கே சுற்றும். நான்தான் பெரிய வைத்தியன் மாதிரி, "ஒரே எடத்தைப் பாத்துட்டு ரெண்டு நிமிசம் நில்லுங்க மச்சான், செரியாப் போகும்" என்பேன். அவரும் நிற்பார். நான் சொன்னேன் என்பதற்காக, தெரிகிற அந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ரெண்டு வருஷம். நூறு ஞாயிற்றுக்கிழமை.

அம்சவேணி கண்டுபிடித்துவிட்டாள். கம்பி பிளேனைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், தெரியாததால்தான் கண்டுபிடித்தாள். அண்ணன் நம் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் இலைக்கு ஓரமாக வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுகிறார் என்று ஒரு நாள், இரண்டு நாள், மூன்றாம் நாள் அவர் போனதும் கரித்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, அண்ணனைக் கண்ணு டாக்டர்கிட்டக் காட்டுங்க. பக்கத்துல இருக்கறது அவருக்குத் தெரியறதில்ல." நான் என்ன சொன்னேன்? "ஞாயித்துக்கிழமை நாப்பது சுத்து சுத்தறவனுக்குப் பொதங்கிழமை வரைக்கும் தலை ஆடத்தான் ஆடும், உனக்கென்ன தெரியும் அதைப் பத்தி." இதே வார்த்தை. சட்டசபையில் பேசுகிற மாதிரி. அவள் துணியைப் பிழிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் டம்ளரை இலைக்கு நேர் எதிரில் வைக்க ஆரம்பித்தாள், ஒன்றும் சொல்லாமல். இப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. நான் சொன்னேனே என்று ஒரு தடவை சொன்னால் போதும், கத்திவிடலாம், சண்டை போடலாம், ஆமாண்டி நான்தான் என்று ஒத்துக்கொண்டு உட்கார்ந்து அழலாம். சொல்ல மாட்டாள். அண்ணன் வந்தால் டம்ளரை எதிரில் வைப்பாள், கையைப் பிடித்து அதன்மேல் வைப்பாள், அவ்வளவுதான்.

பதினொன்றே முக்கால். பாய் ட்ரோனுக்குக் காற்றாடியை மாட்டி விரலால் சுண்டிவிடுகிறார், அது வ்ர்ர் என்று சுற்றி நிற்கிறது, நான் மேசைமேலிருந்து கையை இழுத்துக்கொள்கிறேன். போன வருஷம் மச்சான் இன்ஜின் பிளேனைக் கிளப்பும்போது ஓடுகிற காற்றாடியில் விரலை விட்டுவிட்டார். வலது கையில் இரண்டு விரல், ஏழு தையல். காற்றாடி ஓடும்போது யாருக்கும் தெரியாதுதான், ஆனால் எங்கே இருக்கும் என்று தெரியும், முப்பது வருஷப் பழக்கம், அந்தப் பழக்கம் ஓரத்தை நம்பி இருந்திருக்கிறது போல. அத்தோடு இன்ஜின் வேண்டாம், கரண்டுக்கு மாறிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பொத்தானை அமுக்கிவிட்டு நடுவுக்குப் போய்ப் பிடியை எடுத்துக்கொள்ளலாம், அரை நிமிஷம் கழித்துத் தானாகவே கிளம்பும், ஐந்து நிமிஷத்தில் தானாகவே நிற்கும். எவ்வளவு வசதி. மச்சான் தலையாட்டினார். அவர் மனைவி, எங்கள் அத்தாச்சி, இறந்துபோனபிறகு நாலு வருஷமாக அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், மகள் ஓசூரில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், போக மாட்டேன் என்கிறார், அங்க போயி யாரு கூடங்க பிளேன் உடறது என்று. அந்த ஒரு காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று ஆகிவிட்டால் ஓசூர்தான். ஓசூரில் அடுக்குமாடி, நாலாவது மாடி, நாற்காலி.

இந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாம் தயார். மோட்டார் உட்கார்ந்தாயிற்று, டைமர் உட்கார்ந்தாயிற்று, பழைய கண்ட்ரோலரின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் பிளக்கில் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. நான் செய்கிறேன் மச்சான் என்றேன். "ஏன், எனக்குப் பத்தவைக்கத் தெரியாதுங்களா? நாப்பது வருசமா என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்றார். பற்றவைத்தார். ஈயம் உருகுகிற வாசனை, ஒவ்வொரு வயரையும் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, தலையை அப்படி இப்படிச் சாய்த்து, அதற்குப் பிறகும் சும்மா கேட்கிற மாதிரி, "இது செவப்புத்தானுங்களே?" என்றார். நான் அந்த நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம் என்றேன். நிமிர்ந்து பார்க்காமலே உம் என்றேன். பேட்டரியைச் செருகியதும் பட் என்று ஒரு சத்தம், புகை, கண்ட்ரோலர் கருகிவிட்டது. மேசைமேல் குனிந்து பார்த்தால் கறுப்பு வயர் சிவப்பு முனையில் இருக்கிறது. பட்டப்பகல், ஜன்னலோரம், யார் பார்த்தாலும் தெரியும். "இந்தக் கண்ட்ரோலர் பீஸே செரியில்லைங்க மச்சான்" என்றேன். "ஆமாங்க, பீஸ் செரியில்ல" என்றார். இரண்டு பேரும் அந்தக் கண்ட்ரோலரைச் செய்தவனை அரைமணி நேரம் திட்டினோம். பாவம் எவனோ, ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான்.

சரி, கண் தெரியாமல் ஓட்ட முடியுமா முடியாதா. அதையும் பார்த்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வரவில்லை, கால் வலி என்றார், நான் என்னுடைய பிளேனைக் கிளப்பி, தோள் உயரத்தில் சமமாக நிறுத்தி, யாரும் கவனிக்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். கம்பி கையை இழுக்கிறது, இழுப்பு இருக்கிறது, சத்தம் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். பாதிச் சுற்றுகூட இல்லை. எங்கிருந்தோ ஒரு குழியில் இறங்குகிற மாதிரி, கால் எங்கே, தரை எங்கே, அறுபதடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தரை எங்கே, கண்ணைத் திறந்தால் பிளேன் புல்லுக்கு இரண்டடி மேலே போய்க்கொண்டிருக்கிறது. சட்டை முழுக்க வேர்வை. என் காது மச்சான் காது இல்லைதான். அவருக்கு வேண்டுமானால் ஒரு சுற்று, இரண்டு சுற்று. நாற்பது சுற்று? ஆனாலும் நீலமாக இருந்தால் சத்தமாவது இருக்கும். இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது, இவ்வளவு நேரம் அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். கறுப்பை வாங்கி, அதில் கவர்னரை நிறுத்தி வைத்துவிடலாம். அது போடுகிற பீப் சத்தத்தை எண்ணி மாற்றுகிற சமாசாரம்தான், இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து நானே மாற்றிவிட்டு, மச்சானிடம் கவர்னர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டால்? முதல் சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார். மாப்ள, சத்தம் மாறுதே என்பார். அப்போது என்ன சொல்வது, பீஸ் செரியில்லை என்றா.

"சார், பன்னெண்டு பத்து." பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நீலத்தின்மேல் விரலை வைத்தேன். இது போதும் என்று சொல்ல வேண்டும், இரண்டே வார்த்தை. நீலத்தைக் கொடுத்தால் மச்சான் டப்பாவைத் தடவிப் பார்ப்பார், கவர்னர் வெச்சது இல்லீங்களா என்பார், இல்லீங்க என்பேன், ஏனுங்க என்பார். அந்த ஏனுங்கவுக்கு அப்புறம் ஒரு பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடிதான் என்னால் முடியாது. அதில் டம்ளர் இருக்கிறது, டூல்பாக்ஸ் இருக்கிறது, ஒரே எடத்தைப் பாத்துட்டு ரெண்டு நிமிசம் இருக்கிறது. "கறுப்பே குடுங்க பாய்" என்றேன். "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று பாய் டப்பாவில் போட்டார். பை கைக்கு வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் பாய் என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டார். நான் மாடிப்படியின் திருப்பத்திலேயே நின்றிருந்தேன், கீழே காந்திபுரம் பஸ் சத்தம், யாரோ பன் பட்டர் விற்கிற வாசனை. போன் அடித்தது. மச்சான். ரெண்டு வாரம் முன்னால் வரைக்கும் எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர், எத்தனை எழுத்துப்பிழை இருந்தாலும் எழுத்தில்தான் அனுப்புவார், இப்போது பேசுகிறார். "வாங்கிட்டீங்களா மாப்ள?" வாங்கிட்டனுங்க என்றேன். "பெரிசா, சின்னதுங்களா?" பெரிசு மச்சான், கவர்னர் வெச்சது. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அதுல சத்தம் மாறாதுங்களே" என்றார். மாறாதுங்க, ஒரே சத்தம்தான். "ம்" என்றார். "நீங்க சின்னதை எடுத்துட்டு வந்துருவீங்கன்னு நெனச்சேன். அப்படி வந்தீங்கன்னா நானா வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல பாருங்க." படியில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லுங்க மச்சான் என்றேன். "செவ்வாக்கெழமை அந்தப் பீஸு மேல தப்பில்லீங்க. செவப்பையும் கறுப்பையும் மாத்திப் பத்தவெச்சுட்டேன். உங்களுக்கும் தெரியும்." தெரியுங்க என்றேன். முப்பது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான் போல இருந்தது. "வெளிச்சம் தெரியுதுங்க. ஜன்னல் எங்க இருக்குது, லைட்டு எரியுதா, அது தெரியுது. மத்ததெல்லாம் பத்து நாளாவே இல்லீங்க. அம்சாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம், ஞாயித்துக்கெழமை போகட்டும்."

அழக்கூடாது என்று படியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், வெயிலில் அது சுட்டது. கவர்னரை நிறுத்திரலாமுங்க மச்சான், நாலு பீப் எண்ணி விட்டா நின்னுரும், அப்புறம் சத்தம் மாறும், நீங்க காதுலயே ஓட்டிரலாம், உங்க காதுக்கு என்னங்க, என்று கடகடவென்று பேசினேன், பாய் கடையில் பேசாததை எல்லாம் சேர்த்து. முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, கணக்கில் தப்புக் கண்டுபிடித்த மாதிரி மெதுவாகக் கேட்டார்: "செரிங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு மோட்டார் நின்னுரும். நின்னதுக்கப்புறம் எப்படிங்க மாப்ள? சத்தமே இருக்காது. ஒன்றரைச் சுத்து மெதந்துட்டே வந்து எறங்கணும். கம்பியும் தொளதொளன்னு ஆயிரும், கையில இழுப்பு இருக்காது. எந்தக் கண்ட்ரோலரைப் போட்டாலும் நின்ன மோட்டார் பாடாதுங்களே. பத்து நாளா நான் அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன்." நான் யோசிக்கவே இல்லை. ஐம்பத்தைந்து நிமிஷம் நீலமா கறுப்பா என்று நின்றவன், நிற்கப்போகிற மோட்டாரை யோசிக்கவே இல்லை. இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் அந்த மஞ்சள் பிளேன் கடைசியில் சத்தமில்லாமல்தான் வரும். அந்த ஒன்றரைச் சுற்றில் தரையைத் தொடும் நேரம் வந்தது அவருக்குத் தெரியாது, தொட்டது மட்டும் தெரியும், உடைகிற சத்தத்தில். அப்புறம் ஓசூர். "நான் பக்கத்துல நிக்கறனுங்க மச்சான்" என்றேன். "நடுவுல, உங்க கூடவே, தோளைப் பிடிச்சுட்டு சுத்தறேன். மேல, கீழன்னு சொல்லிட்டே வர்றேன். மோட்டார் நின்னதுக்கப்புறம் எறங்கற வரைக்கும் நான் சொல்றேன், நீங்க கையை மட்டும் சாய்ங்க." மச்சான் சிரித்தார். "உங்க பேச்சைக் கேட்டுங்களா மாப்ள?" என்றார். கிண்டல்தான், முப்பது வருஷமாகச் செய்கிற கிண்டல், குத்திக்காட்டுகிற ஆளே இல்லை அவர், அந்தத் தலைசுற்றல் வைத்தியத்தை அவர் என்றைக்கும் சொல்லிக்காட்டியதில்லை, இப்போதும் அதை நினைத்துச் சொல்லவில்லை என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, "செரி, சொல்லுங்க. வேற யாரு பேச்சைங்க கேக்கறது நானு" என்றார்.